முகவரி பார்த்து வந்த கடன்: அமெரிக்க நகரங்களின் இனப் பிரிவினை, ஓர் அறிமுகம்

டெட்ராய்ட் நகரின் வடக்கு எல்லையில், எட்டு மைல் சாலைக்குச் சற்றுத் தெற்கே, வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டி ஒரு கான்கிரீட் சுவர் ஓடுகிறது. ஆறடி உயரம், ஏறக்குறைய அரை மைல் நீளம். 1941இல் கட்டியது. ஒருபக்கம், கறுப்பின மக்கள் ஏற்கெனவே குடியிருந்த பகுதி. மறுபக்கம், வெள்ளையருக்கென்று ஒரு கட்டுமான நிறுவனம் போட்ட புதிய மனைப்பிரிவு. ஆள் நடமாட்டத்தைத் தடுக்க வேண்டும் என்றால் இந்தச் சுவர் எதற்கும் உதவாது. கோடியில் போய்ச் சுற்றிக்கொண்டு வரலாம். சிறுவர்கள் ஏறிக் குதித்தே விளையாடலாம்.

பிறகு எதற்காகக் கட்டினார்கள்? அந்த மனைப்பிரிவில் வீடு வாங்குவோரின் கடனுக்கு அரசின் உத்தரவாதம் தேவைப்பட்டது. மத்திய வீட்டுவசதி நிர்வாகம் தர மறுத்தது. கறுப்பினக் குடியிருப்பு மிக அருகில் இருக்கிறது என்பது காரணம். நடுவே சுவர் எழுந்ததும் உத்தரவாதம் கிடைத்துவிட்டது. ஒரு கடன் கோப்பில் ஒப்புதல் முத்திரை விழுவதற்காகக் கட்டிய சுவர் அது.

அமெரிக்க நகரங்களில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனிப் பகுதிகளில் வாழ்வதைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலும் கலவரம், கல்வீச்சு, வெறுப்புப் பேச்சு ஆகியவைதான் முதலில் நினைவுக்கு வரும். அவையும் நடந்தன, வேண்டிய அளவுக்கு நடந்தன. ஆனால் இந்தப் பிரிவினை இத்தனை காலம் நீடித்ததற்கும், அதில் சிக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொருளாதாரத்தில் பின்தங்கியதற்கும் காரணத்தைத் தேடினால் கையில் கிடைப்பது வீட்டுக் கடன் பத்திரங்களும் சொத்து மதிப்பீட்டு அறிக்கைகளும்தான். வெறுப்பு வரும், போகும். வீட்டு மதிப்பு பிள்ளைகளுக்குச் சொத்தாகப் போய்ச் சேரும். இந்தக் கட்டுரை அந்த வழியைத்தான் பின்தொடர்கிறது, பெரும்பாலும் சிகாகோ நகரத்தை வைத்து.

எவ்வளவு பிரிந்திருக்கிறார்கள்?

சமூகவியலாளர்கள் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை செல்லும் எண். ஒரு நகரத்தின் எல்லாப் பகுதிகளிலும் இரண்டு இனத்தவரும் ஒரே விகிதத்தில் கலந்திருந்தால் பூஜ்ஜியம். ஒருவர் வாழும் பகுதியில் மற்றவர் ஒருவர்கூட இல்லையென்றால் நூறு. நடுவில் உள்ள எண்ணுக்கு அர்த்தம் எளிது: சமமாகக் கலக்க வேண்டுமானால் ஓர் இனத்தவரில் நூற்றுக்கு எத்தனை பேர் வீடு மாற வேண்டும் என்பதுதான் அந்த எண். 60ஐத் தாண்டினால் பிரிவினை மிக அதிகம் என்று கொள்வார்கள். சிகாகோ வட்டாரத்தில் 1970இல் இது 90ஐத் தாண்டியிருந்தது. 2010இல் 75ஐ ஒட்டி வந்தது. குறைந்திருக்கிறது, உண்மைதான். நாற்பது ஆண்டுகளில் குறைந்தது இவ்வளவுதான் என்றும் படிக்கலாம்.

‘இனம் இனத்தோடு சேரும், இதில் என்ன அதிசயம்’ என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. பொருளாதார நோபல் பரிசு பெற்ற தாமஸ் ஷெல்லிங் 1971இல் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். ஒவ்வொருவருக்கும் ‘என் இனத்தவர் கொஞ்சம் பேராவது பக்கத்தில் இருக்கட்டும்’ என்ற மிதமான விருப்பம் மட்டுமே இருந்தாலும் போதும், ஒருவர் பின் ஒருவராக இடம் மாறி, கடைசியில் நகரமே இரண்டாகப் பிரிந்துவிடும். அழகான கணக்கு. ஆனால் சிகாகோவில் நடந்ததை அது முழுதாக விளக்காது. அங்கே இத்தாலியரும் போலந்துக்காரரும்கூட ஆரம்பத்தில் தங்கள் ஆட்களோடுதான் சேர்ந்து வாழ்ந்தார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும், அடுத்த தலைமுறையில், விரும்பிய இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். கறுப்பினத்தவர் கையில் காசு சேர்ந்தபோதும் போக இடம் இல்லை. விருப்பத்தால் சேர்ந்து வாழ்வதற்கும் வெளியேற வழியில்லாமல் சேர்ந்து கிடப்பதற்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

பூட்டிய நகரம்

1910களில் தொடங்கி 1970 வரை, ஏறக்குறைய 60 லட்சம் கறுப்பின மக்கள் அமெரிக்காவின் தென் மாநிலங்களை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் போனார்கள். பருத்திக் காட்டு வாரக் குத்தகையிலிருந்தும், சாலையோர மரத்தில் தூக்கிலிடும் கும்பல்களிடமிருந்தும் தப்பி, தொழிற்சாலைக் கூலியைத் தேடிச் சென்ற பயணம் அது. சிகாகோவில் 1910இல் 44,000 பேராக இருந்தவர்கள் 1940இல் 2,78,000 ஆனார்கள். 1960இல் 8 லட்சத்தைத் தாண்டினார்கள். வந்தவர்களுக்கு நகரம் ஒதுக்கியது தெற்குப் பகுதியில் நீண்டு ஒடுங்கிய ஒரு துண்டு நிலம். ‘கறுப்புப் பட்டை’ என்றே அதற்குப் பெயர்.

மக்கள்தொகை பெருகப் பெருக அந்தப் பட்டை அகலமாகியிருக்க வேண்டும். அதைத் தடுக்க ஆரம்பத்தில் குண்டுகள் பயன்பட்டன. 1917 ஜூலை முதல் 1921 மார்ச் வரை சிகாகோவில் இதற்காக 58 குண்டுவெடிப்புகள் நடந்ததாக விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. எல்லை தாண்டி வீடு வாங்கிய கறுப்பினத்தவர், அவர்களுக்கு விற்ற தரகர்கள், கடன் கொடுத்த வங்கியாளர்கள் ஆகியோரின் வாசலில்தான் அவை வெடித்தன. நடுவே 1919 ஜூலையில், மிச்சிகன் ஏரியில் எழுதாத எல்லைக்கோடு ஒன்றைத் தாண்டி மிதந்து போன 17 வயதுச் சிறுவன் யூஜீன் வில்லியம்ஸ், கரையிலிருந்து வந்த கல்வீச்சில் மூழ்கி இறந்தான். அதைத் தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள்.

குண்டைவிட நாகரிகமான வழி பத்திரம். எந்தத் தெருவில் எந்த இனத்தவர் வசிக்கலாம் என்று நகராட்சிகள் சட்டம் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1917இல் சொல்லிவிட்டது. சரி, அரசு செய்யக் கூடாது என்றால் நாமே செய்துகொள்வோம் என்று சொத்து உரிமையாளர்கள் இறங்கினார்கள். ‘இந்த வீட்டைக் கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டோம்’ என்ற நிபந்தனையைத் தெருவே சேர்ந்து எழுதிப் பதிவு செய்துகொண்டது. எப்படி எழுத வேண்டும் என்ற மாதிரிப் பத்திரத்தை 1927இல் சிகாகோ மனை வணிகர் சங்கமே தயாரித்துக் கொடுத்தது. சொத்து மதிப்பைக் கெடுக்கக்கூடிய இனத்தவரை ஒரு வட்டாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்பது தேசிய அளவில் 1924 முதலே தரகர்களின் தொழில்தர்மமாக எழுதப்பட்டிருந்தது. ஒழுக்கக் கோவையில்! இந்த நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது.

தீர்ப்பு வந்தும் என்ன ஆயிற்று? சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில் 1951இல், முன்னாள் ராணுவ வீரரான ஒரு கறுப்பினத்தவர் குடும்பத்தோடு ஒரு வாடகை வீட்டுக்குக் குடிவர முயன்றார். சுமார் 4,000 பேர் கூடி, வீட்டுச் சாமான்களைச் சன்னல் வழியே வீசி எரித்தார்கள். அரசுப் படை வந்துதான் அடக்க முடிந்தது. அதன் பிறகு உள்ளூர் நடுவர் குழு குற்றம்சாட்டியது கலவரக்காரர்கள்மீது அன்று. வீட்டின் உரிமையாளர், வாடகை முகவர், குடும்பத்துக்கு உதவிய வழக்கறிஞர் ஆகியோர்மீது. கறுப்பினத்தவருக்கு வாடகைக்கு விட்டு அக்கம்பக்கத்துச் சொத்தின் விலையைக் குறைக்கச் சதி செய்தார்களாம். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது என்றாலும், அன்றைய சமூகம் எதைக் குற்றம் என்று நினைத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் வேண்டியதில்லை.

கடன் யாருக்கு?

இதுவரை சொன்னதெல்லாம் தனியார் செய்தது. பொருளாதார விளைவுகளைப் புரிந்துகொள்ள அரசு செய்ததற்கு வர வேண்டும்.

1920களில் அமெரிக்காவில் சாதாரணத் தொழிலாளி வீடு வாங்குவது குதிரைக்கொம்பு. விலையில் பாதியை முன்பணமாகக் கொண்டுவர வேண்டும். மீதியை ஐந்திலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அடைக்க வேண்டும். பல கடன்களில் மாதாமாதம் வட்டி மட்டும் கட்டி, கடைசியில் அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். 1929இன் பெருவீழ்ச்சியில் இந்தக் கடன்கள் பெரும் எண்ணிக்கையில் கவிழ்ந்தன. அரசு 1934இல் மத்திய வீட்டுவசதி நிர்வாகத்தை உருவாக்கியது. அது நேரடியாகக் கடன் கொடுக்காது. வங்கி கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு தரும். வாங்கியவர் கட்டாவிட்டால் அரசு கட்டும். வங்கிக்குப் பயம் போனது. முன்பணம் 20 விழுக்காடு, பிறகு 10 விழுக்காடு என்று இறங்கியது. தவணைக் காலம் 20, 25 ஆண்டுகளாக நீண்டது. வட்டியும் குறைந்தது. நாம் இ.எம்.ஐ. என்று சொல்லும் சீரான மாதத் தவணை அமெரிக்காவில் பரவலானது இப்படித்தான். வாடகை கொடுப்பதைவிடச் சொந்த வீட்டுக்குத் தவணை கட்டுவது மலிவு என்ற நிலை முதன்முறையாக வந்தது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் என்று இன்று சொல்கிறோமே, அதன் அஸ்திவாரம் இது.

அந்தக் காப்பீட்டுக்கு ஒரு விதிநூல் இருந்தது. வட்டாரத்தில் ‘ஒத்துப்போகாத இனக் குழுக்கள்’ ஊடுருவும் வாய்ப்பு இருக்கிறதா என்று மதிப்பீட்டாளர் பார்க்க வேண்டும் என்று 1930களின் பதிப்புகள் சொல்கின்றன. இருந்தால் மதிப்பெண் குறையும். இன நிபந்தனைப் பத்திரம் இருந்தால் நல்லது என்றும் பரிந்துரைத்தது. ஒரு கறுப்பினத் தொழிலாளியின் சம்பளம் எவ்வளவு, அவர் நாணயமானவரா என்ற கேள்விக்கே இடமில்லை. அவர் வாழ்ந்த இடமே தகுதியிழப்பாகிவிட்டது. வெள்ளையர் வட்டாரத்தில் அவர் வாங்கினாலும் அந்த வட்டாரத்தின் தகுதி போய்விடும். எங்கே திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது.

இந்த இடத்தில் ‘சிவப்புக் கோடு’ என்ற சொல்லைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1933இல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற இன்னோர் அரசு அமைப்பு, இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடங்கள் தயாரித்தது. சிறந்த பகுதிக்குப் பச்சை, அடுத்தது நீலம், பிறகு மஞ்சள், ‘அபாயகரம்’ என்று கருதியதற்குச் சிவப்பு. கறுப்பின வட்டாரங்கள் ஏறக்குறைய எல்லாமே சிவப்பு. இன்று இணையத்தில் இந்த வரைபடங்கள்தான் சுற்றுகின்றன. பார்த்தவுடன் மனத்தில் பதியும் என்பதால் எல்லாப் பழியும் அவற்றின்மேல் விழுகிறது. வரலாற்றாய்வாளர்களிடையே இதில் தகராறு உண்டு. அந்த வரைபடங்கள் வங்கிகளிடம் அவ்வளவாகப் புழங்கவில்லை, ஏற்கெனவே நலிந்திருந்த பகுதிகளைத்தான் அவை குறித்தன என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கோட்டின் இரு புறமும் இருந்த தெருக்களை ஒப்பிட்டு, பின்னாளில் அவற்றின் சொந்த வீட்டு விகிதத்தில் வேறுபாடு தெரிகிறது என்று இன்னொரு சாரார் காட்டுகிறார்கள். என் கணிப்பில், வண்ணம் தீட்டிய வரைபடத்தைவிட, வண்ணமே இல்லாத அந்த விதிநூல்தான் அதிகச் சேதம் செய்தது. பணம் உண்மையில் கைமாறியது அதன் வழியாகத்தான்.

போர் முடிந்ததும் நியூயார்க்குக்கு வெளியே லெவிட்டவுன் என்ற ஊர் முளைத்தது. 1947இலிருந்து நான்கைந்து ஆண்டுகளில் 17,000க்கும் அதிகமான வீடுகள், அரசு உத்தரவாதக் கடனில். 1949இல் ஒரு வீடு 7,990 டாலர். போரிலிருந்து திரும்பிய வெள்ளைச் சிப்பாய் முன்பணம்கூட இல்லாமல் குடியேறலாம். அதே போரில் சண்டையிட்ட கறுப்பினச் சிப்பாய்க்கு விற்க மாட்டார்கள். 1960இல்கூட அந்த ஊரில் கறுப்பினத்தவர் அநேகமாக இல்லை. அந்த வீடுகள் இன்று ஐந்து லட்சம் டாலருக்கு மேல் போகின்றன.

பத்திரம் கைக்கு வராத வீடு

வங்கிக் கடன் கிடைக்காதவர்கள் வீடே வாங்கவில்லையா? வாங்கினார்கள். எப்படி வாங்கினார்கள் என்பதில்தான் சிகாகோவின் மிகக் கொடிய பகுதி இருக்கிறது.

முதலில் ஒரு தரகர் வெள்ளையர் தெருவுக்குள் நுழைவார். ‘கறுப்பினத்தவர் வரப்போகிறார்கள், இப்போதே விற்றுவிடுங்கள், நாளைக்கு இந்த விலைகூடக் கிடைக்காது’ என்று கிசுகிசுப்பார். பயத்தைக் கிளப்ப, கூலி கொடுத்து ஒரு கறுப்பினப் பெண்ணைக் குழந்தை வண்டியோடு அந்தத் தெருவில் நடக்க விடுவதுகூட உண்டு. வெள்ளைக் குடும்பம் பதறி அடிமாட்டு விலைக்கு விற்கும். வாங்கிய தரகர் அதே வீட்டை இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு விலைக்குக் கறுப்பினக் குடும்பத்துக்கு ‘ஒப்பந்த’ முறையில் விற்பார். மேற்குப் பகுதியில் உள்ள வடக்கு லான்டேல் வட்டாரத்தில் நடந்த ஒரு விற்பனை பின்னாளில் பரவலாக எழுதப்பட்டது. விற்றவர் 12,000 டாலருக்கு வாங்கிய வீட்டை, ஆறே மாதத்தில், 1961இல், 27,500 டாலருக்கு விற்றிருந்தார்.

விலையைவிட மோசம் ஒப்பந்தத்தின் வாசகம். முன்பணம், மாதத் தவணை, சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் வாங்கியவர் தலையில். கிரயப் பத்திரம் மட்டும் விற்றவர் பெயரில், கடைசித் தவணை கட்டும் வரை. நடுவில் ஒரு தவணை தவறினால் போதும், வீட்டைக் காலிசெய்ய வைக்கலாம். அதுவரை கட்டியது அத்தனையும் போச்சு. அசலில் ஒரு டாலர்கூட அவர் பெயரில் சேர்ந்திருக்காது. வீடு அடுத்த குடும்பத்துக்கு அதே முறையில் மறுபடி விற்பனைக்கு வரும். வாடகைதாரரின் பாதுகாப்பும் கிடையாது, உரிமையாளரின் பங்கும் கிடையாது. இரண்டின் பாரமும் உண்டு.

1950, 60களில் சிகாகோவில் கறுப்பினத்தவர் வாங்கிய வீடுகளில் 75 முதல் 95 விழுக்காடு வரை இந்த முறையில்தான் விற்கப்பட்டன என்று டியூக் பல்கலைக்கழக மையம் ஒன்று 2019இல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிடுகிறது. இதனால் அந்தச் சமூகம் இழந்தது, இன்றைய மதிப்பில், 300 கோடி முதல் 400 கோடி டாலர் வரை.

தவணை தவறிவிடக் கூடாதே என்ற அச்சம் குடும்பங்களை என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். கணவனும் மனைவியும் ஆளுக்கு இரண்டு வேலை பார்த்தார்கள். வீட்டைத் தடுத்து அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். கூரை ஒழுகினாலும் தவணைக்குப் பிறகுதான் கூரை. கவனிக்க ஆளில்லாமல் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். கூட்டம் சேர்ந்தது, பள்ளிகள் இரண்டு ஷிப்டுகளாக நடந்தன, கட்டடங்கள் சிதைந்தன. அதைப் பார்த்து, ‘கறுப்பினத்தவர் வந்தால் வட்டாரம் பாழாகிவிடும் என்று சொன்னோமே’ என்றார்கள். மதிப்பீட்டாளரின் விதிநூல் சொன்ன ஆரூடம், அந்த விதிநூலின் விளைவாலேயே பலித்தது. 1968இல் இந்த வாங்குவோர் லான்டேலில் சங்கம் அமைத்துத் தவணையை நிறுத்தி வைத்துப் போராடினார்கள். சில நூறு குடும்பங்களுக்கு ஒப்பந்தங்கள் மாற்றி எழுதப்பட்டன, நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

அரசு கட்டிய அடுக்குமாடிகளின் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அரசு ஏழைகளுக்குக் கட்டிய வீடுகளைத் தங்கள் பகுதிக்குள் விட வெள்ளை வட்டாரக் கவுன்சிலர்கள் மறுத்தார்கள். மறுக்கச் சட்டப்படி அதிகாரமும் இருந்தது. எனவே 1962இல் முடிந்த ராபர்ட் டெய்லர் குடியிருப்பின் 28 கட்டடங்களும், ஒவ்வொன்றும் 16 மாடி, கறுப்புப் பட்டைக்குள்ளேயே வரிசையாக எழுந்தன. 2007க்குள் அந்தக் கட்டடங்கள் அத்தனையும் இடிக்கப்பட்டுவிட்டன.

முகவரி எப்படி வருமானமாகிறது

முதலில் சொத்து. அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பங்கு வீடுதான். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் கடை தொடங்க முதலுக்கும் அதை அடமானம் வைக்கலாம். இறந்த பின் அது வாரிசுக்குப் போகும். 2022ஆம் ஆண்டு மத்திய வங்கிக் கணக்கெடுப்பின்படி, வெள்ளைக் குடும்பங்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களில் நடுவில் நிற்பதற்கு 44,900 டாலர். மாத வருமானத்தில் உள்ள இடைவெளியைவிட இது பல மடங்கு பெரிது. சம்பளம் இந்தத் தலைமுறையின் கதையைச் சொல்கிறது. சொத்து தாத்தாவுக்குக் கடன் கிடைத்ததா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது.

அடுத்து பள்ளி. அமெரிக்கப் பள்ளிகளின் செலவில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு குறைந்த ஊரில் வரி விகிதத்தை எவ்வளவு ஏற்றினாலும் வசூல் குறைவு. சிகாகோவின் தெற்குப் புறநகர்களில், பணக்கார வடக்குப் புறநகர்களைவிட அதிக விகிதத்தில் வரி கட்டிக்கொண்டே நலிந்த பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரைப் பார்க்கலாம். இல்லினாய் மாநிலம் 2017இல் நிதிப் பங்கீட்டு முறையைத் திருத்தியது. இடைவெளி உடனே அடைபடும் அளவுக்குப் பணம் அதில் இல்லை.

பிறகு வேலை. லான்டேலையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் ஒரு காலத்தில் மூன்று பெரிய முதலாளிகள் தாங்கினார்கள்: டிராக்டர் செய்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஹாதோர்ன் ஆலை, சியர்ஸ் நிறுவனத்தின் தலைமையகம். ஹாதோர்னில் மட்டும் உச்சத்தில் 40,000க்கும் அதிகமானோர் வேலை பார்த்தார்கள். 1960களின் இறுதிக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் போயின. சியர்ஸ் 1970களின் தொடக்கத்தில் நகர மையத்தில் கட்டிய வானளாவிக்கு மாறியது. ஹாதோர்ன் 1983இல் மூடியது. புதிய ஆலைகளும் கிடங்குகளும் நெடுஞ்சாலை ஓரப் புறநகர்களில் முளைத்தன. வெள்ளைத் தொழிலாளி வேலையின் பின்னால் வீடு மாற்றிக்கொண்டார். கறுப்பினத் தொழிலாளிக்கு அந்தப் புறநகரில் வீடு கிடைக்காது. கார் இல்லையென்றால் பஸ்ஸும் அங்கே போகாது. பொருளியலாளர் ஜான் கெய்ன் 1968இல் சிகாகோ, டெட்ராய்ட் தரவுகளை வைத்து இதைத்தான் எழுதினார்: வேலை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். போதாதற்கு, பாதி வேலைகள் விளம்பரமாகாமல் ‘எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா’ என்ற பேச்சிலேயே நிரம்பிவிடுபவை. தெருவில் யாருக்குமே வேலை இல்லாதபோது அந்தச் செய்தியைச் சொல்ல யார் இருப்பார்கள்? 1960இல் 1,25,000 பேர் வாழ்ந்த வடக்கு லான்டேலில் 2010இல் 36,000 பேர்தான் எஞ்சியிருந்தார்கள்.

உடல்நலத்தையும் ஒரு வரியில் சொல்ல வேண்டும். 2019இல் வந்த ஒரு பகுப்பாய்வில், சிகாகோவின் ஏரியோர ஸ்ட்ரீட்டர்வில் பகுதியில் சராசரி ஆயுள் 90; சில மைல் தெற்கே எங்கிள்வுட்டில் 60.

இடம்தான் காரணமா, அல்லது ஏழைகள் ஏழை வட்டாரங்களில் சேர்வதால் அப்படித் தோன்றுகிறதா? ஆய்வாளர்களை நெடுங்காலம் குடைந்த கேள்வி இது. பதில் சொல்ல ஒரே வழி, குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இடம் மாற்றிப் பார்ப்பது. அதையே அமெரிக்க அரசு 1994 முதல் 1998 வரை செய்தது. சிகாகோ உட்பட ஐந்து நகரங்களில், அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த சுமார் 4,600 குடும்பங்கள் சேர்ந்தன. குலுக்கலில் விழுந்த சிலருக்கு, வறுமை குறைந்த வட்டாரத்தில் வீடு எடுக்க மட்டும் செல்லுபடியாகும் வாடகை உதவிச் சீட்டு கிடைத்தது. முதல் பத்தாண்டு முடிவுகள் ஏமாற்றம் தந்தன: பெரியவர்களின் மனநலமும் உடல்நலமும் தேறின, வருமானம் ஏறவில்லை. திட்டம் தோற்றது என்று பலர் கோப்பை மூடிவிட்டார்கள்.

கோப்பைத் திரும்பத் திறந்தவர்களில் ஒருவர் ராஜ் செட்டி. டெல்லியில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற ஹார்வர்ட் பொருளியலாளர். பெற்றோரின் பூர்வீகம் தமிழ்நாடு. அவரும் நதானியேல் ஹென்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் ஆகியோரும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு வருமான வரிப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள், இருபதுகளின் நடுவில், மாறாத பிள்ளைகளைவிட 31 விழுக்காடு அதிகம் சம்பாதித்தார்கள். கல்லூரிக்குப் போவதும் கூடியிருந்தது. அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்குப் பயன் இல்லை. பழகிய இடத்தைவிட்டுப் பிடுங்கி நட்டதில் சற்று நட்டம் என்றுகூடச் சொல்லலாம். ஒரு நல்ல தெருவில் எத்தனை ஆண்டு வளர்கிறோம் என்பது கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

இதைக் கேட்டுவிட்டு, எல்லாரையும் இடம் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். செட்டி குழுவினரின் 2018ஆம் ஆண்டு முடிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது. ஒரே வட்டாரத்தில், ஒரே வருமானமுள்ள குடும்பங்களில் வளர்ந்தாலும், கறுப்பின ஆண் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளைவிடக் குறைவாகவே சம்பாதிக்கிறார்கள். நாட்டின் வட்டாரங்களில் 99 விழுக்காட்டில் இதுதான் நிலை. இடம் பெரிய காரணம், முழுக் காரணம் இல்லை. அதோடு, கறுப்பின வட்டாரம் என்றாலே வறுமை என்று எடுத்துக்கொள்வதும் தவறு. சிகாகோவின் பிரான்ஸ்வில் 1920களில் சொந்த வங்கி, காப்பீட்டு நிறுவனம், செய்தித்தாள் என்று தழைத்த பகுதி. தடை இருந்ததாலேயே வாடிக்கையாளர்கள் வெளியே போக முடியாமல் உள்ளூர் வணிகம் வளர்ந்தது என்பதும் உண்மை, அதே தடையால் அது ஓர் அளவுக்கு மேல் வளர முடியவில்லை என்பதும் உண்மை.

சட்டம் வந்த பிறகு

1966இல் மார்ட்டின் லூதர் கிங் லான்டேலில் ஒரு பழைய வீட்டில் குடியேறி, எந்த இனத்தவரும் எங்கும் குடியிருக்கும் உரிமை கேட்டு ஊர்வலம் போனார். வெள்ளையர் வட்டாரமான மார்க்வெட் பூங்காவில் கல் அவர் தலையில் விழுந்தது. மிசிசிப்பியிலும் அலபாமாவிலும்கூட இப்படி ஒரு வெறுப்பைப் பார்த்ததில்லை என்றார். 1968 ஏப்ரல் 4 அவர் கொல்லப்பட்டார். ஒரு வாரத்தில், ஏப்ரல் 11, நியாயமான குடியிருப்புச் சட்டம் கையெழுத்தானது. இனம் பார்த்து விற்க மறுப்பதை அது தடை செய்தது.

ஆனால் அதற்குள் புறநகர் வீடுகள் விற்று முடிந்திருந்தன. 1949இல் 8,000 டாலருக்குக் கிடைத்த வாய்ப்பு 1970களில் பல மடங்கு விலையில் நின்றது. யாரும் யாரையும் தடுக்க வேண்டியிருக்கவில்லை, விலையே தடுத்தது. புறநகர்கள் பல, பெரிய மனைகளில் தனி வீடுகள் மட்டுமே கட்டலாம், அடுக்குமாடி கூடாது என்று விதி வைத்துக்கொண்டன. அந்த விதியில் இனம் என்ற சொல்லே கிடையாது.

வங்கிகள் தாங்கள் வைப்பு பெறும் வட்டாரத்திலேயே கடனும் தர வேண்டும் என்ற 1977 சட்டத்துக்காகப் போராடியதில் முன்னின்றவர் சிகாகோவின் ஆஸ்டின் பகுதியைச் சேர்ந்த இல்லத்தரசி கேல் சின்கோட்டா. வெள்ளைப் பெண், தன் தெரு கண்ணெதிரே கடன் வறண்டு காய்வதைப் பார்த்துக் கிளம்பியவர். ஆஸ்டினை ஒட்டிய ஓக் பார்க் ஊர் வேறு மாதிரி முயன்றது. பீதியில் விற்பதைத் தடுக்க, வாசலில் ‘விற்பனைக்கு’ பலகை வைக்கத் தடை விதித்தது. வீட்டு விலை விழுந்தால் ஈடுகட்டும் திட்டம் ஒன்றை 1978இல் கொண்டுவந்தது. விலை விழவில்லை, ஊரும் கலந்தே நிற்கிறது. பயத்துக்கே காப்பீடு எடுத்த அந்த யோசனை இன்னும் அதிக ஊர்களுக்குப் பரவியிருக்க வேண்டும்.

2000களில் கடன் கறுப்பின வட்டாரங்களைத் தேடி வந்தது, நச்சுக் கடனாக. நல்ல கடனுக்குத் தகுதி இருந்தவர்களிடமும் அதிக வட்டி வைத்ததாக அமெரிக்க நீதித்துறை குற்றம்சாட்டி, கன்ட்ரிவைடு நிறுவனத்திடம் 2011இல் 33.5 கோடி டாலரும், வெல்ஸ் ஃபார்கோ வங்கியிடம் 2012இல் 17.5 கோடி டாலரும் உடன்பாட்டுத் தொகையாகப் பெற்றது. அதற்குள் 2008இன் சரிவில் வீடுகள் ஜப்தியாகி முடிந்திருந்தன.

இப்போது சிகாகோவின் வடக்கு எல்லையில் உள்ள எவன்ஸ்டன் நகராட்சி நேரடி இழப்பீட்டை முயல்கிறது. 1919 முதல் 1969 வரை அந்த ஊரில் வாழ்ந்து குடியிருப்புப் பாகுபாட்டுக்கு ஆளான கறுப்பினத்தவருக்கோ அவர்களின் வழித்தோன்றல்களுக்கோ, தலைக்கு 25,000 டாலர், தொடக்கத்தில் வீடு வாங்கவோ பழுதுபார்க்கவோ தவணை அடைக்கவோ மட்டும். 2021இல் நகர்மன்றம் ஒப்புதல் கொடுத்தது. தொடக்கத்தில் பணம் கஞ்சா விற்பனை வரியிலிருந்து வந்தது. முதல் தவணைகள் பெற்றவர்கள் முதியவர்கள். வரிசையில் காத்திருக்கும்போதே சிலர் இறந்துபோனார்கள். இனத்தின் அடிப்படையில் பணம் கொடுப்பது அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று 2024இல் இத்திட்டத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டிருக்கிறது.